தரைக்கு வரும் மீன்

பெட்டியை மூன்றாவது தடவையாகத் திறந்து பார்த்தான் தனபாலன். முகத்தில் பூசும் தனக்கா டப்பா இருந்தது, எலுமிச்சை ஊறுகாய் இருந்தது, கப்பல் கம்பெனிக் கடிதமும் இருந்தது. ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

“அப்பா, கடல் மீனெல்லாம் ஒரு நாள் தரைக்கு வந்து வாழுமா?” என்றாள் மகள் யமுனா.

“இப்ப எதுக்கும்மா அது?” ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

“நம்ம பசுந்தாங் ஓடைச் சேத்துல ஒரு மீன் நடக்குதே, அது எப்படி வந்துச்சாம்?”

“கொஞ்சம் கொஞ்சமா மாறித்தான். லட்சக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும்.”

“ஒன்பது மாசத்துல முடியாதா?”

அவன் பெட்டியை மூடினான். நல்லவேளை, கீழே ஹாரன் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினான். பின்னாலேயே யமுனாவும் ஓடினாள்.

“ஏறுங்க, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு,” என்றார் வேன் டிரைவர்.

“நான் இல்லீங்க. என் சம்சாரம்தான் கப்பல் இன்ஜினியர்.”

படியில் ஷூ சத்தம் கேட்டது. உள்ளறையிலிருந்து எல்லாம் கேட்டிருந்த புஷ்பலதா வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். காலையில் அப்பா பின்னிவிட்ட கோணல் சடையை அவிழ்க்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள்.

“ஒன்பது மாசம்தான்டா. அதுக்குள்ள அப்பாவுக்குச் சடை பின்னக் கத்துக் குடு. லட்சம் வருஷமெல்லாம் ஆகாது.”