ஐந்து கோட்டுக் காகிதம்

இதை என்னிடம் முதலில் சொன்னவள் எங்கள் தெரு நோரா. தொண்ணூற்றேழாம் வருஷம், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஆஸ்டின் டவுனிலிருந்து சிவாஜிநகர் போகிற பஸ்ஸில் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் கல்யாண பேண்டு நடத்துகிறவர். மொத்தம் எட்டுப் பேர். புதுப் பாட்டு வந்தால் கேசட்டை இரண்டு தடவை போடுவார். மூன்றாவது தடவை எல்லோரும் வாசித்துவிடுவார்கள். எல்லாம் காது வித்தைதான்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில், பாட்டைக் காகிதத்தில் எழுதுகிற நொடேஷன் படிக்கக் கிளம்பினார். பியானோ சொல்லிக்கொடுக்கிற ஒரு மிஸ் வீட்டில், சின்னப் பிள்ளைகளோடு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து கோட்டில் புள்ளி வைத்துப் பழகினார்.

தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டிரம் அடிக்கிற மைக்கேல்ராஜ் சும்மா விடவில்லை.

"என்ன மாஸ்டர், இன்னிக்கு மிஸ்ஸு ஸ்டார் போட்டாங்களா?"

"ரெண்டு தப்பு. அடுத்த வாரம் போடுவாங்க."

"இருபது வருஷமா காதால வாசிச்சோம். இப்ப எதுக்குப் பேப்பர்? பெரிய ஓட்டல்ல சேரப் போறீங்களா? எங்களைக் கழட்டி விடறீங்களா?"

ரெமிஜியஸ் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

அடுத்த ஒத்திகைக்குத் தான் எழுதிய முதல் பாட்டைக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு தாள். மற்றவர்களுக்கு அது கோலம் மாதிரி இருந்தது. கிளாரினெட் வாசிக்கிற பெர்னார்ட் மட்டும் பழைய மிலிட்டரி பேண்டுக்காரர், அவருக்குப் படிக்கத் தெரியும்.

பெர்னார்ட் தாளைப் பார்த்தும் மற்றவர்கள் வழக்கம்போல் காதாலும் ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரியிலேயே காது கூசியது. கிளாரினெட்டுக்கு ஒரு சுரம் ஏற்றி எழுதவேண்டுமாம். அது தெரியாமல் ரெமிஜியஸ் பியானோவில் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தார்.

எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பெர்னார்ட் மட்டும் தாளில் கண் வைத்தபடி கடைசிவரை வாசித்தார்.

"பாத்தீங்களா! உங்க பேப்பரை நம்பி அந்த மனுஷனும் கெட்டாரு" என்று மைக்கேல்ராஜ் குச்சியைக் கீழே வைத்தான். "சொல்லுங்க மாஸ்டர். பேப்பர் வேணுமா, நாங்க வேணுமா?"

"தப்பு என்னுது. அடுத்த வாரம் சரியா எழுதறேன். ஆனா பேப்பர் இருக்கும்."

மைக்கேல்ராஜும் இன்னும் இரண்டு பேரும் அன்றைக்கே வேறு பேண்டுக்குப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் நான் கேட்டே விட்டேன். "கோபப்படாதே நோரா. கூட இருந்த மூணு பேரைவிட உங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பேப்பர் பெருசா? இது வீம்புதானே?"

நோரா முன் சீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வீம்பா? பெர்னார்ட் அண்ணனுக்குக் காது போய் ஆறு மாசமாச்சுக்கா. கேசட்டு போட்டா அவருக்கு ஒண்ணும் விழல. வெளிய தெரிஞ்சா எந்தக் கல்யாண வீட்டுல கூப்பிடுவாங்க? கண்ணு நல்லா இருக்குல்ல, அதால வாசிக்கட்டும்னுதான் இவரு பாடம் படிக்கிறாரு."

அதற்குப் பிறகு பெர்னார்ட் அண்ணன் ஒன்பது வருஷம் வாசித்தார். தாளத்துக்கு ரெமிஜியஸின் காலைப் பார்த்துக்கொள்வார். இப்போது பேண்டை விட்டுவிட்டார், விஷயமும் ஊருக்கே தெரியும்.

அவரை எங்கேயாவது பார்த்தால் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் போய் நின்று பேசுங்கள்.