மறுமுறை மோதியிருந்தால்

ரேணிகுண்டா ஸ்டேஷன் எதிரே இருந்த ரங்கனின் டீக்கடைச் சுவரில், முன்னாள் ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியன் தணிகைவேலின் படம் தொங்கியது. தோளைத் தொடும் முடி, முறுக்கு மீசை.

"நம்ம நகரி ஆளு சார். ஃபைனல்ல ரமணாவ ஜெயிச்சிட்டு அடுத்த மாசமே குவைத்துக்கு வேலைக்குப் போய்ட்டாரு. இன்னொருவாட்டி மோதியிருந்தா ரெண்டே ரவுண்டுல ரமணா காலி!" என்றான் ரங்கன்.

திருமலையில் முடியும் மீசையும் காணிக்கை கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய மொட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"ரமணாதான் ஜெயிச்சிருப்பாரு."

ரங்கனுக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா சார், விஷயம் தெரியாம பேசிக்கினு! தணிகைவேல் அண்ணன் குத்துக்கு எவன் நிப்பான்?"

"ரமணா நின்னாரே, கடைசி ரவுண்டு வரைக்கும். வலது கை மொதல் ரவுண்டுலயே உடைஞ்சிபோச்சி. ஒருத்தர்கிட்டயும் சொல்லாம ஒத்தக் கையால சண்டை போட்டாரு."

"பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றீங்க!"

மொட்டைத்தலைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சண்டை முடிஞ்சதும் கிளவுஸக் கழட்டிட்டு என்கிட்டதான் கை குடுக்க வந்தாரு. வீங்கிக்கெடந்த அந்தக் கையப் புடிச்சப்பதான்பா, ஜெயிச்ச எனக்கே தெரிஞ்சிது."