சில்லென்ற வண்டி

காலை ஏழு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு மாடி வீட்டிலிருந்து இறங்கினேன். குவைத்தின் ஆகஸ்ட் வெயிலிலும், என் இருபது வருடப் பழைய பெரிய ஜீப்பின் உள்ளே வழக்கம்போலச் சில்லென்று இருந்தது. ஆயில் ஒழுகியதால் பட்டறைக்கு விட்டேன்.

மெக்கானிக் ஹம்தி பானட்டைத் திறந்தார்.

"ஆயில் சீல் நாப்பது தினார், தம்பி. வாட்டர் பம்ப் அறுபது. ஏசி கம்ப்ரசர் செத்து மாசக்கணக்காச்சு, அதோட பெல்ட்டே இல்ல. இந்த வெயில்ல எப்படி ஓட்டினே? நீ என்ன பேரீச்சையா, பழுக்கிறதுக்கு?"

சிரித்துவிட்டேன். என் மனைவி லுல்வா இறந்த நான்கு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"மத்ததை மாத்துங்க. ஏசியத் தொடாதீங்க."

"வெந்துதான் போகப்போறே!"

அவள் இறந்த நாளன்று காலை, சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னதுதான் கடைசி:

"கீழ போய் ஏசி போட்டு வைக்கிறேன். நீ மெதுவா வா."