குழலில் வெந்நீர்

“தண்ணியை நான் ஊத்த மாட்டேன். நீயே ஊத்து” என்றார் தோட்டக் காவலாளி.

அவர் மனைவி வெந்நீர்ச் சொம்பைத் தூக்கினாள். பன்றி விரட்டும் அந்த நாட்டுத் துப்பாக்கியை, கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைத் தொடவிட்டதே இல்லை. இன்று விடிந்ததிலிருந்து, துடைக்கவும் வெடிமருந்து கெட்டிக்கவும் கற்றுக்கொள் என்று ஒரே பிடிவாதம்.

குழலின் வாயில் ஊற்றினாள். அடியில் கறுப்பாக வழிந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கண்கொண்டு பார்க்க முடியாத அளவுக்கா செய்யறேன்?”

“கம்பியில துணியைச் சுத்தி உள்ள விட்டுத் துடை. ஈரம் இருந்தா வெடிமருந்து பத்திக்காது.” அவர் குரல் கரகரத்தது. காய்ச்சல், தூக்கமும் இல்லை.

“வெந்நீரைக் கால்ல ஊத்திக்கிட்டு ஏங்க பறக்கறீங்க? உடம்பு தேறினதும் நீங்களே செய்யலாமே.”

“நான் இல்லாதப்ப ஏதாவது வந்தா? பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?”

பக்கத்து அறையில் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குழலை உள்ளே துடைத்து, மருந்தைக் கொட்டினாள். துணியைத் திணித்துக் கம்பியால் இடித்தாள்.

“கம்பி துள்ளணும். இன்னும் இடி.”

துள்ளியது. அவர் நீட்டியது சில்லறை ரவை இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒற்றை ஈயக் குண்டு.

“பன்னிக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிசு?”

“ஒரே வெடியில விழணும். மறுபடி கெட்டிக்க உனக்கு நேரம் இருக்காது.”

குண்டின் மேல் இன்னொரு துணி. கடைசியில், விசையை இழுத்தால் அடிக்கும் குதிரைக்கு அடியில், பொறி தரும் கேப்பு. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு சபாஷ் சொல்வார் என்று பார்த்தாள். அவர் எழுந்து, ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் போனார்.

“வெளியில தாழ்ப்பாள் போடு.”

“என்னங்க விளையாட்டு இது? காலையிலேர்ந்து பல்லுல பச்சைத் தண்ணி படலை. இந்தாங்க, ஒரு வாய் குடிச்சுட்டுப் படுங்க.”

டம்ளரைக் கண்டதும் அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி உதறியது.

“கிட்ட கொண்டு வராதே!” என்று அலறிக் கதவை உள்ளிருந்தே அறைந்து சாத்தினார்.

பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்:

“ரெண்டு மாசத்துக்கு முன்ன தோட்டத்துல என்னை ஒரு நாய் கடிச்சுது. சின்னக் காயம்தானேன்னு ஊசி போடலை, உன்கிட்டயும் மறைச்சுட்டேன். இனிமே இந்தக் கதவை உடைச்சுக்கிட்டு வர்றது உன் புருஷன் இல்லை... சுட்டுடு.”