திரைக்குப் போக மறுத்த பிழைச்செய்தி

மனிதர்கள் எழுதும் நிரலைப் படித்துக் கணினிக்கு எடுத்துச் சொல்லும் கம்பைலர், அன்று எட்டாவது முறையாகப் பிழைச்செய்தியைக் கூப்பிட்டது.

"இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் பிழைன்னு போய்ச் சொல்லிட்டு வா."

"போக மாட்டேன். ஏழு தடவை போய்த் திட்டு வாங்கினது நான்தான். அது கடைசி வரி. அங்கே ஒரு தப்பும் இல்லை. இந்த நிரலை எழுதின பூங்கோதை காலையிலிருந்து அதையே முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இப்போ எழுதினதையெல்லாம் அழிக்கப் போறா."

"அங்கே வந்தப்பதானே எனக்குப் புரியாமப் போச்சு?"

"நாற்பதாவது வரியில ஓர் அடைப்புக்குறியைத் திறந்தா. எப்போ மூடுவான்னு கடைசி வரைக்கும் காத்திருந்தியே, அதைச் சொல்லு."

"திறந்ததே தப்பா இருந்தா? என் ஊகம் பொய்யாப் போனா என் மரியாதை என்ன ஆகும்?"

"அவ தினமும் உன் முன்னாடி நூறு தப்பு பண்றா. உனக்கு ஒண்ணு பண்ணக்கூடத் தைரியம் இல்லை. வேணும்னா என்னை அழிச்சிடு. அந்தப் பழைய வார்த்தையைத் தூக்கிக்கிட்டு இனிமே போக மாட்டேன்."

பிழைச்செய்தி தன் சொந்த வார்த்தைகளோடு திரைக்கு ஏறியது.

'நாற்பதாவது வரியில் திறந்த அடைப்புக்குறியை மூட மறந்திருக்கலாம். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்.'

அழிக்கப் போன பூங்கோதையின் விரல் அப்படியே நின்றது.

"அட, நீயும் தப்பு பண்ணுவியா?" என்று கேட்டுக்கொண்டே அவள் நாற்பதாவது வரிக்குப் போனாள்.