பதினோராம் பாகத்தின் அலறல்

அந்தப் பேய்ப் படத்தின் முதல் பாகத்தில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறியவள் சுகிர்தாதான். அந்தக் குரலை அப்போதே படக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் அதை வைத்தே, பார்ப்பவர் பேரைச் சொல்லிக்கூட அலறவிட்டு, பதினோராம் பாகம் வரை எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை, தனியாக இருந்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு அசையவில்லை; கதவோ உள்தாழ்ப்பாள்.

"ஐயோ, காப்பாத்துங்க!"

ஆபத்தென்றால் ஆம்புலன்ஸை அழைக்கவென்று சுவரில் மாட்டியிருந்த காவல் கருவி கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "இது சினிமாச் சத்தம். ஆம்புலன்ஸ் தேவையில்லை."

தொண்டை கிழிய மறுபடி கத்தினாள். வென்டிலேட்டர் வழியே பக்கத்து வீட்டு ரெஜினாவின் குரல் வந்தது.

"புதுப் பாகம் போட்டிருக்கீங்களாக்கா? சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க."

"ரெஜினா, நான்தான்டி! விழுந்துட்டேன்!"

"அடேயப்பா! இந்தத் தடவ பக்கத்து வீட்டுக்காரி பேரச் சொல்லியே கூப்புடுதே!"

ரெஜினா சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள்.