கூடுதலாக ஒரு விடைத்தாள்

கல்லூரிக் கணக்குத் தேர்வை ஆறு பிரிவுகளுக்கும் சேர்த்து நடத்தும் பொறுப்பு கணக்கு ஆசிரியையான அவள் தலையில் விழுந்தது. பிரிவுக்கு முப்பது பேர்; விடைத்தாள்கள் மட்டும் நூற்றெண்பத்தொன்று. நாலு மணிக்குள் எண்ணிக்கை சரியாகாவிட்டால் அவளுடைய தற்காலிக வேலை போய்விடும்.

"கட்டுக்கு முப்பதுதான் இருக்கு. சேத்தா மட்டும் ஒண்ணு கூடுது! நல்லா கணக்கு சொல்லிக் குடுத்தோம் போ," என்றாள் சக ஆசிரியை.

"சிரிக்காதடி, மணி மூணே முக்கால் ஆச்சு."

கடைசியில், மேலே இருந்த தாளைப் பெயர்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் திணித்துவிட்டு, மீதியை ஒப்படைத்தாள்.

மறுநாள் அவள் வகுப்பில் ஓர் இடம் காலி.

"யாரு வரல?"

"எல்லாரும் இருக்கோமே மிஸ். நாங்க எப்பவும் இருபத்தொம்போது பேர்தானே?"

வருகைப் பதிவேடும் அதையே சொன்னது. ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். தாளில் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அழுதுகொண்டே, தெரிந்த பெயர்களையெல்லாம் அந்த இடத்தில் எழுதிப் பார்த்தாள். எதை எழுதினாலும் தாளில் மை ஒட்டவில்லை.